சிவப்புக் கயிற்றில் கை வைக்காதே

ஜெர்மனி
9-1-2025, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

அருள்ராணி எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு இருக்கிறேன். நீயும் ஃபிராங்க்ளினும் சுகம்தானே? கடத்தூரில் பனி விட்டதா? இங்கே வந்த ஐந்து வாரத்தில் சூரியனை இரண்டே முறைதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று கோபப்படாதே. வீட்டுக்கார மேடமும் தமிழ்தான், ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார்கள். என் போனும் பாஸ்போர்ட்டும் அவர்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அதனால்தான் கடிதம். இதைத் தபாலில் சேர்ப்பவர் தெரசா அக்கா. இலங்கையில் மன்னார்க்காரர், நம் வேதம்தான். இங்கே ரயில் நிலையத்தில் கழிப்பறையைப் பார்த்துக்கொள்கிறார். பதிலை அவர் வீட்டு விலாசத்துக்கே போடு. போனில் படம் பிடித்து அனுப்பட்டுமா என்றுதான் முதலில் கேட்டார். உன் பட்டன் போனில் அது வராது. உன் மகன் ஃபிராங்க்ளின் போனுக்கு அனுப்பினால் அவன் செல்போன் கடைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் படித்த பிறகுதான் உன் கைக்கு வரும். கடைசியில் என் மகள் கனிமொழி காதுக்கும் போகும். அவள் நர்சிங் மூன்றாம் வருஷத்தை நிம்மதியாகப் படிக்கட்டும்.

வேலை ஒன்றும் கடினமில்லை. மேடத்தின் மாமியார் பெரியம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான். வியாழன்தோறும் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, இரண்டு ஸ்டேஷன் தள்ளி உடற்பயிற்சி வைத்தியத்துக்கு அழைத்துப் போகிறேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை இந்தக் கழிப்பறை. அக்கா, இந்த ஊர்க் கழிப்பறையைப் பற்றி எழுதினால் நீ சிரித்தே சாவாய். உள்ளே போகக் காசு போட வேண்டும். போனால் தண்ணீர் கிடையாது, காகிதம்தான். ஜூஸ் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பைக்குள் மறைத்துக்கொண்டு போகிறேன். இரண்டு நிமிஷம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்டினால் மறுபடி எரியும். ஜெபக் கூட்டத்தில் இருப்பதுபோல் அல்லேலூயா போட்டுக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது.

போன வாரம் நடந்த கூத்தைக் கேள். நாற்காலிக்காரர்களுக்கென்று தனி அறை உண்டு. அங்கே சுவரோரம் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. தண்ணீர் ஊற்றுகிற கயிறு என்று நினைத்து இழுத்துவிட்டேன். சங்கு ஊதுவதுபோல் சத்தம். தெரசா அக்காவும் சீருடைக்காரர் இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்துவிட்டார்கள். உள்ளே விழுந்து கிடப்பவர்கள் உதவிக்கு இழுக்கிற கயிறாம் அது. நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மேடம் வரைக்கும் சேதி போய்விட்டது. "இன்னொரு தடவை கூட்டம் கூட்டினா போலீஸ்தான் வரும், உன்னை உள்ள வெப்பாங்க" என்றார்கள்.

பெரியம்மா கூப்பிடுகிறார். மாதா துணை.

அன்புத் தங்கை
அருள்ராணி

•

கடத்தூர்
30-1-2025

என் செல்லத் தங்கை ராணிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். உன் சுகத்துக்குக் காலையும் மாலையும் ஒரு செபமாலை உண்டு. கனிமொழி பொங்கல் லீவுக்கு வந்து போனாள். நன்றாகச் சாப்பிட்டாள்.

உன் கடிதத்தைப் பாப்பிரெட்டிப்பட்டி புளி மண்டியில் உட்கார்ந்து கண்ணம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டுகிறவள் என்பதால் அவளிடம் மட்டும் எதையும் மறைக்க முடியாது. அல்லேலூயா இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் மேஸ்திரி எழுந்து வந்துவிட்டார். "உன் தங்கச்சி சீமைக்குப் போயும் கக்கூசப் பத்தியே எழுதறாளே" என்றாள்.

ராணி, உனக்கு ஒரு வழி சொல்கிறேன். பெங்களூர் பஸ்ஸுக்கு நாம் கிளம்பும் முறை மறந்துபோயிற்றா? முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவோம். போய் இறங்குகிற வரைக்கும் ஒரு தொல்லையும் இருக்காது. மண்டியிலும் அதே கதைதான். முப்பது பொம்பளைகள், காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணி, கழிப்பறை என்று ஒன்று இல்லை. காலையில் அரை டம்ளர் டீ, அத்தோடு சரி. நாக்கு உலர்ந்தால் ஒரு சுளை புளியை வாயில் அடக்கிக்கொள்வோம். இருபது வருஷமாக இப்படித்தான். என்ன கெட்டுப்போய்விட்டது? நீயும் அப்படியே இரு. காசுக்குக் காசும் மிச்சம், மானத்துக்கு மானமும் மிச்சம். அந்தச் சிவப்புக் கயிற்றில் மட்டும் இனிமேல் கை வைக்காதே. தெரியாத ஊர், தெரியாத சாமான்.

ஒன்று கேட்க வேண்டும். வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று எழுதுகிறாயே, அந்த வீட்டில் கழிப்பறை இல்லையா?

ஃபிராங்க்ளின் பொங்கலுக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தான். வார் கொஞ்சம் இறுக்கம். போகப் போகச் சரியாகும்.

ஆசிகளுடன்,
அக்கா லூர்து மேரி

•

ஜெர்மனி
20-2-2025, வியாழன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகவே இருக்கிறேன், உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். கடிதம் கைக்கு வந்ததும் அந்தத் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை படித்தேன். கண்ணம்மாள் அக்காவின் சிரிப்பு இங்கே கேட்டது.

உன் யோசனை நன்றாகப் பலிக்கிறது. போன வாரம் எல்லோரும் காரில் வேறு ஊருக்குப் போனோம், ஆறு மணி நேரப் பயணம். நெடுஞ்சாலையில் அவர்கள் மூன்று இடத்தில் நிறுத்திக் கழிப்பறைக்குப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் "பெரியம்மா தூங்கறாங்க, நீ கார்லயே இரு" என்றார்கள். இறங்க வேண்டுமென்றால் சாரிடம்தான் காசு கேட்க வேண்டும். ஒரு ஆம்பளையிடம் போய் எதற்கென்று சொல்லிக் காசு கேட்பது? எனக்கு அந்தத் தேவையே வரவில்லை. முந்தின நாள் மதியத்தோடு தண்ணீரை நிறுத்தியிருந்தேன். உன்னை நினைத்துக்கொண்டேன்.

வந்த பிறகு இரண்டு நாள் குளிர் காய்ச்சல். இந்த ஊர்ப் பனிக்கு எல்லோருக்கும் வருவதுதான். தெரசா அக்கா மாத்திரை கொடுத்தார். கனிமொழியிடம் சொல்லாதே.

செருப்பு வாருக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, இளகும்.

அன்புத் தங்கை
அருள்ராணி

•

கடத்தூர்
13-3-2025

அன்புத் தங்கை ராணிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. புதுப் புளி மலைமலையாக வந்து குவிகிறது. சித்தேரி மலையிலிருந்து லாரி இறங்கியபடி இருக்கிறது. தலை நிமிர நேரமில்லை. திருநீற்றுப் புதனுக்குக்கூடச் சாயங்காலப் பூசைக்குத்தான் போனேன்.

நான் சொன்னது பலித்தது என்று எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன். ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையே. மூன்று பக்கம் எழுதிய கைக்கு ஒரு வரி எழுத முடியவில்லையா? ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "நல்லா இருக்கேன்க்கா" என்று இரண்டு தடவை சொன்னாய். நன்றாக இருப்பவள் ஒரு தடவைதான் சொல்வாள்.

கனிமொழி பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாவது. சொல்லச் சொன்னாள்.

கண்ணம்மாளுக்கு முகம் கொஞ்சம் ஊதினமாதிரி இருக்கிறது. புளித் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். என் செருப்பு வார் எண்ணெய்க்கும் மசியவில்லை. சாயங்காலம் கழற்றினால் காலில் தடம் பதிந்திருக்கிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

பதிலைச் சீக்கிரம் எழுது.

அக்கா
லூர்து மேரி

•

20-3-2025, வியாழன்

அக்காவுக்கு,

சுகம். காகிதம் மறந்துவிட்டேன், கை துடைக்கிற தாளில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

உன் பழைய கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கழிப்பறை மூன்று இருக்கிறது. எல்லாம் வெள்ளைக் கல் பதித்தது, நம் கோயில் பீடத்தைவிட அழகு. நான் காலை ஆறு மணிக்கு முன்னால் ஒரு தடவையும், ராத்திரி அவர்கள் படுத்த பிறகு ஒரு தடவையும் போகலாம். நடுவில் எனக்கென்று விட்டிருக்கிற கீழ்த்தளக் கழிப்பறையைப் பூட்டி மேடம் சாவியை வைத்துக்கொள்கிறார்கள். நான் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதால் கல்லில் கறை படிகிறதாம். அந்தக் கயிறு விவகாரத்துக்கு அப்புறம்தான் இந்த ஏற்பாடு. மற்றபடி திட்டுவதில்லை, அடிப்பதில்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மண்டியில் நீங்கள் இருப்பதைவிட இது மோசமா? உனக்குப் பத்து மணி நேரம், எனக்குப் பதினாறு. தவக்காலத்து ஒருசந்தி நோன்பு என்று நினைத்துக்கொள்கிறேன்.

சிரிக்காதே, ஒன்று கேட்கிறேன். சிறுநீர் புளிக்கரைசல் நிறத்தில் போகிறது. எரிகிறது. உனக்கு அப்படிப் போனதுண்டா?

கனிமொழிக்கு முத்தம். இரண்டாவதாக வந்ததற்கு நான் அழுதேன் என்று சொல்லாதே, சந்தோஷப்பட்டேன் என்று சொல்.

ராணி

•

கடத்தூர்
4-4-2025

ராணிக்கு,

அக்கா எழுதுகிறேன். சுகமா என்று எப்படிக் கேட்பது? மாட்டைக் கட்டி வைத்திருப்பவன்கூட அதற்குச் சாணி போட நேரம் குறித்து வைப்பதில்லை. அந்த மகராசிக்கு எவ்வளவு திமிர் இருந்தால் கழிப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்!

வந்துவிடு என்று எழுதக் கை வருகிறது. ஆனால் கனிமொழிக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. உன் விசாவும் வருஷக் கடைசி வரைதான். அதுவரை பல்லைக் கடித்துக்கொள். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

நீ கேட்ட சங்கதி எனக்கும் உண்டு, மண்டியில் எல்லோருக்கும் உண்டு. அது வெறும் சூடு. உள்ளங்காலில் விளக்கெண்ணெய் வை, தொப்புளிலும் ஒரு சொட்டு விடு. சீரகம் கிடைத்தால் மென்று சாப்பிடு. மூன்று நாளில் தெளியும். அவ்வளவு பனியில் உனக்கு எங்கிருந்து சூடு வந்தது என்றுதான் தெரியவில்லை.

கண்ணம்மாள் நாலு நாளாக வேலைக்கு வரவில்லை. அவள் இடம் காலியாக இருக்கிறது. புதுச் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபிராங்க்ளினின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறேன். மண்டியில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

அக்கா
லூர்து மேரி

•

24-4-2025, வியாழன்

அக்காவுக்கு,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்து. இங்கே கோயிலுக்கு விடவில்லை. நீ எனக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏற்றியிருப்பாய்.

விளக்கெண்ணெய் வைத்தேன். இடுப்புக்கு மேலே வலப்பக்கம் வலி. குத்தல் வரும்போது நிற்க முடியவில்லை. இன்றைக்குப் பெரியம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விளக்கு அணைந்தது. கையைத் தூக்கி ஆட்ட முடியவில்லை. பெரியம்மாவுக்கு மறதி நோயில் எதுவும் ஞாபகமே இல்லாவிட்டாலும் ஏதோ புரிந்துவிட்டது போலிருக்கிறது, இருட்டில் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தச் சிவப்புக் கயிறு தரை வரைக்கும் தொங்குகிறது. விழுந்தவர்களுக்கும் எட்ட வேண்டும் என்றுதான் அவ்வளவு நீளமாம். என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நீ சொன்னாயே, நான் தொடவில்லை. போலீஸ் வந்து என்னை அனுப்பிவிட்டால் கனிமொழி என்ன செய்வாள்?

கொஞ்ச நேரத்தில் வலி விட்டது. எழுந்துவிட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து இவர்கள் தெற்கே கடற்கரை ஊருக்கு மூன்று வாரம் போகிறார்கள். நானும்தான். அங்கே தெரசா அக்கா இருக்க மாட்டார். கடிதம் வராவிட்டால் பயப்படாதே.

ராணி

•

ஜெர்மனி
30-4-2025

அன்பின் லூர்து மேரி அவர்களுக்கு,

நான் தெரசா. உங்கட தங்கச்சியின்ர கடிதங்களை அனுப்புற ஆள். நீங்கள் எல்லாரும் சுகமாய் இருக்கக் கர்த்தரை மன்றாடுறன். அருள்ராணி என்னை எழுதச் சொல்லேல்லை. சொன்னால் கோவிப்பா. எண்டாலும் மனம் கேக்கேல்லை.

அவவின்ர முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. நான் தண்ணி குடுத்தால் வாயில வைச்சுப்போட்டுப் பக்கத்து வாங்குப் பலகையில வைக்கிறா. "பிள்ளை, இஞ்ச என்னட்ட நீ காசு போடத் தேவையில்லை, வேண்டிய நேரம் போ, தண்ணியைக் குடி" எண்டன். "எங்க அக்கா சொன்னது எனக்குப் பழகிருச்சு" எண்டு சிரிக்கிறா. போன வியாழன் அவ இருந்த இடத்தில ரத்தம் கண்டனான். அது மாதத் தீட்டு இல்லை.

பொலிசைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டனான். காலைப் பிடிச்சு வேண்டாமெண்டுட்டா. நான் சொல்லி அவ கேக்க மாட்டா. நீங்கள் சொன்னால் கேப்பா. என்ர போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறன்.

இப்படிக்கு
தெரசா

•

தருமபுரி
16-5-2025

ராணி,

இந்தக் கடிதத்தை ஃபிராங்க்ளின் போனில் படம் பிடித்துத் தெரசாவுக்கு அனுப்பப்போகிறான். ஊரே படித்தாலும் படிக்கட்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக உன் போன் இல்லை. அந்தப் பொம்பளையின் நம்பருக்கு அடித்தால் எடுப்பதில்லை. நீ எங்கே இருக்கிறாய், எந்தப் பூட்டின கதவுக்குப் பின்னால் கிடக்கிறாய் என்று தெரியவில்லை.

கண்ணம்மாள் இன்றைக்கு விடியற்காலை போய்விட்டாள். தருமபுரி ஆஸ்பத்திரியில் மூன்று தடவை மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நாலாவது தடவைக்கு உடம்பு தாங்கவில்லை. இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்விட்டதாம். கனிமொழி லீவில் வந்திருந்தாள், அவள்தான் கூடவே நின்றாள். "பெரியம்மா, இந்த அக்கா வேலைக்குப் போற எடத்துல தண்ணி குடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். யாருமே குடிக்க மாட்டோம், அடக்கிக்கொள்வோம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "அதான் பெரியம்மா, அவங்களக் கொன்னுருக்குது. கல்லு கட்டும், கிருமி ஏறும், வெளிய தெரியவே தெரியாது" என்றாள். எரிச்சல், புளிக்கரைசல் நிறம், விலாவில் வலி, குளிர் காய்ச்சல். ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனாள். நீ எழுதின கடிதங்களை அவள் படித்ததுபோல் இருந்தது. நான் அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள். அவள் அழவில்லை. "அம்மா இல்லாத படிப்பு எனக்கு எதுக்கு?" என்றாள்.

அதெல்லாம் சூடு இல்லை ராணி. நான் சொன்னது எல்லாம் தப்பு. இருபது வருஷமாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது? என் பேச்சைக் கேட்காதே. இந்த ஒரு பேச்சை மட்டும் கேள். தெரசா கொடுக்கிற தண்ணீரைக் குடி. வயிறு முட்டக் குடி. அந்தச் சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழு. விழுந்தால்தான் இழுக்க வேண்டும் என்றில்லை. போலீஸ் வரட்டும், அந்த ஊர் ஜனம் முழுக்க ஓடி வரட்டும், நீ பாவாடையோடு நின்றாலும் பரவாயில்லை. உனக்கு மானம் போகாது. போனால் என் மானம் போகட்டும்.

ஆஸ்பத்திரிக்கு வெறுங்காலோடு வந்துவிட்டேன். தார் ரோடு சுடுகிறது. ஃபிராங்க்ளின் செருப்பும் இப்போது நுழைவதில்லை.

அக்கா

•

ஜெர்மனி, ஆஸ்பத்திரி
5-6-2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை உயிரோடு எழுதுகிறேன்.

போனில் தினமும் பேசினாலும் இரண்டு பேரும் அழுவதிலேயே நேரம் போய்விடுகிறது. சொல்ல வேண்டியது நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி, கடற்கரை ஊரிலிருந்து திரும்பித் தெரசா அக்காவிடம் போனேன். அவர் தன் போனை என் கையில் கொடுத்து அந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். உன் கடிதத்தை நின்றபடி படித்தேன். இரண்டு தடவை விளக்கு அணைந்தது. படித்து முடித்ததும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். நான் விழவில்லை அக்கா, நின்றுகொண்டுதான் இழுத்தேன். அதே சங்குச் சத்தம். அதே சீருடைக்காரர் இரண்டு பேர். இந்தத் தடவை எனக்குக் கூசவில்லை. பெரியம்மா மட்டும் பயந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டார். அவரை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்களோ.

பாஸ்போர்ட்டைப் போலீஸ்காரர்களே வாங்கிக்கொண்டு வந்தார்கள். என்னை யாரும் உள்ளே வைக்கவில்லை. வலது கிட்னி இனி வேலை செய்யாதாம். இடது பாதிக்கு மேல் நன்றாக இருக்கிறது, காப்பாற்றலாம் என்கிறார்கள். நடமாட ஆரம்பித்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "தண்ணி குடிக்காதேன்னு யார் சொன்னாங்க?" என்று டாக்டரம்மா தெரசா அக்கா மூலமாகக் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பழக்கம் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. உன் மேல் எனக்கு வருத்தமில்லை. நீ சொல்லாவிட்டாலும் அதைத்தான் செய்திருப்பேன், நமக்கு வேறு என்ன தெரியும்?

படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் புட்டி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைந்தது என்று நர்ஸ் வந்து வந்து பார்க்கிறாள். கழிப்பறை இதே அறையில் இருக்கிறது. காசு வேண்டாம், சாவி வேண்டாம். இங்கேயும் ஒரு சிவப்புக் கயிறு உண்டு.

நேற்று, நான் அவரிடமே விட்டு வைத்திருந்த உன் கடிதங்களை எல்லாம் தெரசா அக்கா கொண்டுவந்து கொடுத்தார். படுத்தபடி வரிசையாகப் படித்தேன். நான் எழுதாமல் விட்டதைத்தான் நீ தேடிக்கொண்டே இருந்தாய். நீ எழுதியதை நான் சரியாகப் படிக்கவே இல்லை. ஜனவரியில் புதுச் செருப்பு வார் இறுக்கம். மார்ச்சில் காலில் தடம். ஏப்ரலில் ஃபிராங்க்ளின் செருப்பு. மே மாதம் அதுவும் நுழையாமல் வெறுங்கால். நான் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். இன்று காலை நர்ஸிடம் என் காலைக் காட்டி, கால் ஊதுவது எதனால் என்று சைகையில் கேட்டேன். அவள் தன் விலாவைத் தொட்டுக் கிட்னி என்று காட்டிவிட்டு, என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, உனக்கு இல்லை, பயப்படாதே என்று சைகை காட்டினாள். யாருக்காகக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

செருப்பு சுருங்காது அக்கா.

போனில் கேட்டால் "எனக்கென்னடி" என்று மழுப்பிவிடுவாய். அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பவில்லை. படம் பிடித்துக் கனிமொழிக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவள் இதைக் கையில் வைத்துக்கொண்டு மண்டிக்கே வருவாள். புளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்திரு. காலை நீட்டு. அவள் அழுத்திப் பார்க்கட்டும்.

உன் தங்கை
அருள்ராணி